மறுநாளே நிற்க வேண்டும்

குளியலறையில் வழுக்கி விழுந்த மூதாட்டியைக் கட்டிலில் கிடத்தியதும், அனுபவமுள்ள மருத்துவர் முதலில் பாதத்தைத்தான் பார்ப்பார். ஒரு பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். அந்தக் கால் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாகத் தெரியும். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே விஷயம் ஏறக்குறைய விளங்கிவிடும். தொடை எலும்பின் மேல்முனை முறிந்திருக்கிறது. தொடைத் தசைகள் கீழ்த்துண்டை மேலே இழுக்கின்றன. அதனால் கால் குட்டையாகிறது. மேலே பிடிமானம் அற்றுப்போனதால் கால் தன் எடையிலேயே வெளிப்பக்கம் உருண்டு கிடக்கிறது.

இதைத்தான் நாம் இடுப்பு எலும்பு முறிவு என்கிறோம். இது ஒரே வகை முறிவல்ல. லண்டனின் ஆஸ்ட்லி கூப்பர் 1822-இல் வெளியிட்ட நூலிலேயே இதை இரண்டாகப் பிரித்துக் காட்டியிருந்தார். மூட்டை மூடியிருக்கும் உறைக்கு உள்ளே, எலும்பின் கழுத்தில் முறிவது ஒன்று. உறைக்கு வெளியே, கழுத்துக்குக் கீழுள்ள பெரிய புடைப்புக்கும் சிறிய புடைப்புக்கும் இடையில் முறிவது மற்றொன்று. கழுத்தில் முறிந்தால் எலும்பின் தலைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அறுபட்டுத் தலை செத்துப்போகக்கூடும். அதனால்தான் முதியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தலையை எடுத்துவிட்டுச் செயற்கைத் தலை பொருத்துகிறார்கள். அது தனிக் கதை. நான் சொல்ல வந்தது இரண்டாவது வகையைப் பற்றி.

புடைப்புகளுக்கு இடைப்பட்ட பகுதி பஞ்சு போன்ற எலும்பு. ரத்த ஓட்டத்துக்குக் குறைவில்லை. இங்கே முறிந்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் மூன்று மாதத்தில் பெரும்பாலும் சேர்ந்துவிடும். அறுவைச் சிகிச்சை பரவலாவதற்கு முன்பு அப்படித்தான் செய்தார்கள். காலில் எடையைத் தொங்கவிட்டு இழுத்துக் கட்டி, பத்துப் பன்னிரண்டு வாரம் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். எலும்பு சேர்ந்தது. ஆனால் அதற்குள் முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்தது. நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வந்தது. காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தது. எலும்பு சேர்வதற்குள் ஆள் போய்விடுவார், அல்லது சேர்ந்த எலும்பு கோணிப்போய்க் கால் குட்டையாகி நிற்க முடியாமல் கிடப்பார்.

ஆகவே இங்கே அறுவைச் சிகிச்சை எலும்பைச் சேர்ப்பதற்காகச் செய்யப்படுவதில்லை. எலும்பு சேரும்வரை அந்த மனிதர் எழுந்து நடமாட வேண்டும், அதற்காகத்தான் செய்யப்படுகிறது. இது மனத்தில் பதிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். நம் ஊர்களில் தினமும் நடக்கும் பேச்சு இது:

“அம்மாவுக்கு எண்பது தாண்டிடுச்சு சார். இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்? கட்டுப் போட்டுப் படுக்க வெச்சுட முடியாதா?”

“படுக்க வெச்சாத்தாம்மா ஆபத்து.”

மகள் கேட்பதில் பாசம் இருக்கிறது, பயமும் இருக்கிறது. ஆனால் அறுவை வேண்டாம் என்பதற்கு அவள் சொல்லும் வயதுதான் அறுவை வேண்டும் என்பதற்கு முதல் காரணம். தொடையின் மேல்முனை தசைகளுக்குள் ஆழப் புதைந்து கிடக்கிறது. எந்த மூங்கில் பத்தையும் மாவுக்கட்டும் அதை எட்டிப் பிடிக்காது. ஏற்கெனவே படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவர்கள் போன்ற வெகுசிலரைத் தவிர, படுக்க வைப்பது பாதுகாப்பான வழியே அல்ல.

சரி, முறிந்த எலும்பில் ஒரு இரும்பை வைத்து முடுக்கிவிட்டால் போதாதா? அங்கேதான் சிக்கல். அதற்கு அந்த மூட்டின் மேல் விழும் பளுவைத் தெரிந்துகொள்ள வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்த இடுப்பு மூட்டின் மேல் ஏறத்தாழ 150 கிலோ விழுகிறது. உடலின் பாரம் நடுவில் இருக்கிறது, தாங்கும் மூட்டோ ஒரு பக்கமாக இருக்கிறது. இடுப்பு மறுபக்கம் சாயாமல் இருக்க, மூட்டுக்கு வெளியே உள்ள தசை இழுத்துப் பிடித்தாக வேண்டும். மூட்டிலிருந்து அந்தத் தசைக்கு உள்ள தூரம் குறைவு என்பதால் அது உடல் எடையைவிட அதிக விசையோடு இழுக்கிறது. உடலின் பாரம், தசையின் இழுப்பு இரண்டும் கூடி மூட்டின் மேல் இறங்குகின்றன. ஒவ்வொரு எட்டுக்கும் இதுதான் கணக்கு.

இந்தப் பளுவை வாங்கும் எலும்பு நேராகவும் இல்லை. தலையும் கழுத்தும் எலும்பின் தண்டிலிருந்து சுமார் 130 பாகைக் கோணத்தில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பளு விழும்போது கழுத்தின் உட்பக்கம் நசுங்குகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது. இயற்கை அதற்கேற்ப உட்பக்கத்தில் கெட்டியான எலும்பை அடுக்கியிருக்கிறது. 1860களில் ஜூரிச்சில் ஹெர்மன் ஃபொன் மெயர் என்ற உடற்கூறியலாளர் தொடை எலும்பை நெடுக அறுத்து உள்ளே ஓடும் எலும்பிழைகளைக் காட்டியபோது, கார்ல் குல்மான் என்ற பொறியாளர் அசந்துபோனார். பாரந்தூக்கி ஒன்றில் விசை எந்தக் கோடுகளில் ஓடும் என்று அவர் வரைந்து வைத்திருந்த படம் அந்த எலும்புக்குள் இருந்தது.

விழும்போது சிறிய புடைப்போடு சேர்ந்து இந்த உட்புற, பின்புற எலும்பு ஒரு துண்டாகக் கழன்றுவிட்டால் முறிவு நிலையற்றதாகிறது. துண்டுகளை நேராகப் பொருத்தி வைத்தாலும் உட்பக்கம் வெற்றிடம். பளு விழுந்ததும் தலை அந்தப் பக்கமாகக் குப்புறச் சாய்கிறது. எவன்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1949-இல் இந்த உட்புறத் தொடர்ச்சியை வைத்தே முறிவுகளை நிலையானவை, நிலையற்றவை என்று பிரித்தார். இன்றுவரை எக்ஸ்ரேயைப் பார்க்கும் கண் முதலில் தேடுவது அதைத்தான்.

பாஸ்டனின் ஸ்மித்-பீட்டர்சன் 1931-இல் கழுத்து முறிவுக்காக மூன்று இதழ் கொண்ட ஆணியை அறிமுகப்படுத்தி வழி திறந்துவிட்டார். புடைப்புப் பகுதிக்கு அந்த ஆணி மட்டும் போதவில்லை. அமெரிக்காவின் ஜூவெட் 1941-இல் ஆணியையும் தண்டின் மேல் படியும் தகட்டையும் ஒரே துண்டாகச் செய்தார். ஆணி தலைக்குள், தகடு தொடையின் வெளிப்புறத்தில், நடுவே அசையாத கோணம். பார்ப்பதற்குப் பலமான ஏற்பாடு. நிலையான முறிவுகளில் நன்றாகவே வேலை செய்தது.

நிலையற்ற முறிவுகளில் அது தோற்றது. காரணத்தைப் புரிந்துகொள்ளத்தான் காலம் பிடித்தது. முறிந்த எலும்பின் விளிம்புகள் முதல் சில வாரங்களில் கொஞ்சம் கரையும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அமரப் பார்க்கும். அது நோய் அல்ல, சேர்வதற்கான வழி. ஆணியின் நீளமோ மாறாது. தலை கீழே இறங்க, ஆணி இருந்த இடத்திலேயே நிற்க, அதன் முனை தலையைத் துளைத்துக்கொண்டு மூட்டுக்குள் நீட்டிவிடும். ஆணி துளைக்காவிட்டால் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் விலகியே நிற்கும். அத்தனை பளுவும் உலோகத்தின் மேல். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிரும் எந்த உலோகமும் ஒரு நாள் களைத்து ஒடியும். கெட்டியாகப் பிடிக்கப் பிடிக்கத் தோல்வி கூடியது.

தீர்வு ஜெர்மனியின் கீல் நகரிலிருந்து வந்தது. 1939-இல் கெர்ஹார்ட் குயின்ச்சர் அங்கே தொடை எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் நீண்ட உலோகத் தண்டைச் செலுத்திக் காட்டியிருந்தார். அவருக்குக் கருவிகள் செய்துகொடுத்தவர் எர்ன்ஸ்ட் போல். போல் மருத்துவர் அல்ல, பொறியாளர். அவர் 1951-இல் காப்புரிமை கோரிய அமைப்பு எளிமையானது. தகட்டோடு ஒரு குழல், குழலுக்குள் வழுக்கி இறங்கும் ஒரு பெரிய திருகு. திருகின் மரை தலைக்குள் பிடித்துக்கொள்ளும். எலும்புத் துண்டுகள் அமர அமர, திருகின் வால் குழலுக்குள் பின்னால் இறங்கும். கோணம் மாறாது, நீளம் மட்டும் குறையும். உட்கார வேண்டிய எலும்பை உட்கார விட்டுவிட்டு, எந்தத் திசையில் உட்கார வேண்டும் என்பதை மட்டும் உலோகம் பார்த்துக்கொள்ளும். துண்டுகள் அழுந்தத் தொட்டதும் எலும்பும் பளுவில் பங்கு வாங்கும். உலோகத்தின் சுமை குறையும்.

எலும்பு மருத்துவத்தில் இதைவிட அழகான சிந்தனை ஒன்றை நான் அறியேன். எலும்பு மருத்துவர்கள் அசைவைத் தடுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தபோது, அசைவை ஒரே தடத்தில் அனுமதிக்கலாம் என்று ஒரு பொறியாளருக்குத் தோன்றியிருக்கிறது. 1960களில் அமெரிக்காவிலும் பரவி, அடுத்த பல ஆண்டுகள் இந்த வழுக்கும் திருகே உலகமெங்கும் நடைமுறையாக இருந்தது. நம் அரசு மருத்துவமனைகளிலும் “பிளேட் வெச்சிருக்கு” என்று சொல்லப்பட்டவற்றில் பல இதுவே.

ஆனால் வழுக்குவதற்கும் ஓர் எல்லை வேண்டும். மேல்துண்டு இறங்கி வந்து மோதி நிற்பதற்கு, எலும்புத் தண்டின் மேற்பகுதியில் வெளிப்பக்கச் சுவர் முழுதாக இருக்க வேண்டும். அது உடைந்திருந்தால் மோதி நிற்க எதுவும் இல்லை. திருகு வழுக்கிக்கொண்டே போகும், தண்டு உட்பக்கம் நகர்ந்துவிடும், கால் குட்டையாகும். டென்மார்க்கில் ஹென்ரிக் பாம் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வெளிச்சுவர் முழுதாக இருந்த 168 பேரில் மறு அறுவை தேவைப்பட்டது 5 பேருக்கு. சுவர் உடைந்த 46 பேரில் 10 பேருக்கு. இன்னும் கவலை தருவது, அந்த உடைவுகளில் பெரும்பாலானவை விழுந்தபோது நேர்ந்தவை அல்ல. அறுவையின்போதே, மெலிந்த சுவரில் குழலுக்காகப் பெரிய துளை போடுகையில் நேர்ந்தவை.

முறிவுக் கோடு வழக்கத்துக்கு மாறாக உட்பக்கத்தில் மேலேயும் வெளிப்பக்கத்தில் கீழேயுமாக ஓடினால் நிலைமை இன்னும் மோசம். அப்போது திருகு வழுக்கும் திசையே முறிவைப் பிரிக்கும் திசையாகிவிடும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 2001-இல் வெளியிட்ட தொகுப்பில், இத்தகைய முறிவுக்கு வழுக்கும் திருகு பொருத்திய 16 பேரில் 9 பேருக்கு அது தோற்றிருந்தது. நல்ல கருவி, தவறான இடம்.

இந்த முறிவுகளுக்காக மறுபடியும் குயின்ச்சரின் வழிக்குத் திரும்பினார்கள். தகட்டை வெளியே வைக்காமல், மஜ்ஜைக் குழிக்குள் தண்டைச் செலுத்தி, அதன் வழியாகத் தலைக்குள் திருகை ஏற்றுவது. 1980களின் இறுதியில் வந்த காமா நெய்ல் இந்த வரிசையில் முன்னோடி. பிறகு வந்தவற்றை நம் மருத்துவமனைகளில் பி.எஃப்.என். என்பார்கள்; நோயாளியின் வீட்டார் சொல்வது “ராடு”. நிரம்பிய குடத்தைக் கை நீட்டிப் பிடித்துச் சுமப்பதற்கும் இடுப்போடு ஒட்டிச் சுமப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் தகட்டுக்கும் ராடுக்கும். ராடு பளு இறங்கும் கோட்டுக்கு அருகிலேயே இருக்கிறது, அதனால் அதன் மேல் விழும் வளைவிசை குறைவு. அதோடு, உடைந்த வெளிச்சுவரின் வேலையையும் அதுவே செய்கிறது. இறங்கி வரும் மேல்துண்டு ராடில் முட்டி நின்றுவிடும்.

ராடும் குறையில்லாமல் வந்துவிடவில்லை. முதல் தலைமுறை ராடுகளின் நுனியருகே தொடை எலும்பே புதிதாக முறிந்த நிகழ்வுகள் உண்டு. வடிவம் மாற்றப்பட்ட பிறகே அது குறைந்தது. தலைக்குள் இரண்டு திருகு ஏற்றிய வகையில், ஒன்று உள்ளே போக மற்றொன்று வெளியே தள்ளப்படும் விநோதமும் நடந்தது. உளுத்த எலும்பில் மரை பிடிக்காது என்பதால், துருவி எடுக்காமல் சுற்றியுள்ள பஞ்செலும்பை அமுக்கிக்கொண்டே உள்ளே செல்லும் முறுக்கிய அலகு பின்னர் வந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நிலையான முறிவுக்கு ராடு வழுக்கும் திருகைவிட மேலானது என்று ஆய்வுகள் தெளிவாக நிறுவவில்லை. விலை மட்டும் கூடுதல். பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் அத்தகைய முறிவுக்கு வழுக்கும் திருகையே பரிந்துரைத்தது. புதிது, விலை அதிகம் என்பதற்காக எல்லோருக்கும் ராடு என்று போவது சரியல்ல. கடன் வாங்கிப் பணம் கட்டும் குடும்பத்தின் முன்னால் அது அநியாயமும்கூட. எந்த முறிவு என்று பார்த்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அறுவை அரங்கில் கத்தி எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். முதுகில் மரப்பு ஊசி போட்டு, இழுவை மேசையில் நோயாளியைக் கிடத்தி, பாதத்தை ஒரு காலணி போன்ற பிடியில் பொருத்துவார்கள். காலை மெல்ல இழுத்து, உட்பக்கமாகத் திருப்புவார்கள். சி-ஆர்ம் என்ற வளைந்த எக்ஸ்ரே கருவியின் திரையில், குப்புறச் சாய்ந்திருந்த தலை நிமிர்ந்து வந்து தண்டோடு பொருந்தும். முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் மாறி மாறிப் படம். பொருந்தவில்லையென்றால் மேலே போகக் கூடாது. கோணலாக இருக்கும் முறிவை ராடு தானாக நேராக்காது; கோணலையே நிலைநிறுத்திவிடும். அவசரப்படும் கைகள் தவறும் இடம் இது.

பிறகு பெரிய புடைப்புக்கு மேலே சிறு கீறல். புடைப்பின் உச்சியில் ஒரு மெல்லிய கம்பி. அதைத் தடமாக வைத்து வழியைத் துருவி அகலப்படுத்தி, ராடைக் கையாலேயே சற்றுத் திருகித் திருகி உள்ளே அனுப்புவார்கள். சுத்தியல் தேவைப்பட்டால் ஏதோ தப்பு என்று மூத்தவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். ராடின் பிடியில் மாட்டிய வழிகாட்டிச் சட்டம் வழியாக இன்னொரு கம்பி தலையை நோக்கிப் போகும். இப்போது எல்லோர் கண்ணும் திரையில். அந்தக் கம்பி எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் திருகு நிற்கும்.

எங்கே நிற்க வேண்டும்? யேல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பாம்கார்ட்னர் 1995-இல் இதற்கு ஓர் அளவு கொடுத்தார். இரண்டு கோணப் படங்களிலும் திருகின் நுனிக்கும் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தை அளந்து, உருப்பெருக்கத்தைக் கழித்து, இரண்டையும் கூட்ட வேண்டும். 198 முறிவுகளை அளந்து பார்த்தார். திருகு தலையைக் கிழித்துக்கொண்டு வெளியேறியவர்களிடம் இந்தத் தூரம் சராசரியாக 38 மில்லிமீட்டர். நன்றாகச் சேர்ந்தவர்களிடம் 24. 25 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்த 120 திருகுகளில் ஒன்றுகூடக் கிழித்துக்கொண்டு வெளியேறவில்லை. நோயாளியின் வயதையும் எலும்பின் தேய்வையும் மருத்துவரால் மாற்ற முடியாது. இந்த 25 மில்லிமீட்டர் மட்டும் முழுக்க அவர் கையில் இருக்கிறது. கம்பி சற்று மேலே போய்விட்டது என்று திரையில் தெரிந்தால், எடுத்துவிட்டு மறுபடி செலுத்த இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடுகிறவரே நல்ல அறுவை மருத்துவர்.

மறுநாள் காலை கட்டிலருகே வாக்கர் வந்து நிற்கும்.

“பாட்டி, பயப்படாம காலை ஊனுங்க.”

“ஊனலாமாம்மா? உள்ள இரும்பு நகந்துடாதா?”

“நகராது பாட்டி. என்னைப் பிடிச்சுக்குங்க. வலிச்சா சொல்லுங்க.”

பாட்டியின் பயம் வீட்டாருக்கும் உண்டு. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று மருத்துவர்களே சொன்ன காலமும் இருந்தது. நியூயார்க்கில் கோவல் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கட்டுப்பாட்டின் தேவையைக் கேள்விக்குள்ளாக்கியது. தாங்கும் அளவு ஊன்றுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, நோயாளிகள் எவ்வளவு பளு ஏற்றுகிறார்கள் என்று அளந்தார்கள். முதல் வாரத்தில் நல்ல காலில் ஏற்றியதில் பாதிதான் முறிந்த காலில் ஏற்றினார்கள். பன்னிரண்டு வாரத்தில் அது 87 விழுக்காடு ஆனது. எவ்வளவு தாங்கும் என்று உடலுக்கே தெரிந்திருந்தது. எண்பது வயதில் ஒற்றைக் காலில் தத்தி நடக்கச் சொல்வது இன்னொரு முறை விழச் சொல்வதற்குச் சமம். படுக்கையிலேயே வைத்திருந்தாலும் மூட்டுக்கு ஓய்வு கிடைக்கும் என்பதில்லை. பெட்பேன் வைக்க இடுப்பைத் தூக்கும்போது மூட்டின் மேல் விழும் விசை, நடக்கும்போது விழுவதற்குப் பக்கத்தில் வருகிறது.

எத்தனை சீக்கிரம் அறுவை செய்ய வேண்டும் என்பது அடுத்த கேள்வி. பிரிட்டனில் 36 மணி நேரத்துக்குள் என்பது மருத்துவமனைகளின் இலக்கு. 17 நாடுகளில், இந்தியா உட்பட, 2,970 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான பெரிய சோதனையில், ஒரு பிரிவினருக்கு முறிவு உறுதியானதிலிருந்து 6 மணி நேரத்தில் அறுவை, மற்றவர்களுக்கு 24 மணி நேரத்தில். இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் சீக்கிரம் செய்துகொண்டவர்களுக்கு மனக்குழப்பம் குறைவாக வந்தது, அவர்கள் சீக்கிரம் எழுந்து நின்றார்கள், சீக்கிரம் வீடு திரும்பினார்கள். ஆறு மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் நாள் பார்த்து, வெளியூர் அண்ணன் வரட்டும் என்று காத்திருந்து, நான்கைந்து நாளைக் கடத்துவதற்கு இதில் எந்த ஆதரவும் இல்லை. அந்த நாட்களில் வலியோடு கிடப்பவர் அம்மாதான்.

தையல் பிரித்து அனுப்பியதும் சிகிச்சை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. நின்ற நிலையிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது என்றால், எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. மறுபக்கத் தொடையும் அதே எலும்புதான். 2007-இல் வெளியான ஒரு சோதனையில், இடுப்பு முறிவுக்கு அறுவை முடிந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஸோலெட்ரானிக் அமிலம் ஊசி வழியாக ஏற்றினார்கள். புதிய முறிவுகள் 35 விழுக்காடு குறைந்தன. இறப்பும் 28 விழுக்காடு குறைந்தது. எல்லோருக்கும் பொருந்தாது, சிறுநீரகமும் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி அளவும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஆனாலும் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கும்போது வீட்டார் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “எலும்புத் தேய்வுக்கு என்ன மருந்து எழுதியிருக்கீங்க, டாக்டர்?” அந்த வரி காலியாக இருந்தால், அங்கேயே நின்று எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும்.